குருமாரை உருவாக்கிய குரு: தோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

நம் சமூகத்திற் பிறந்து, பிறர் நலத்திற்கெனத் தம் வாழ்நாளைச் செலவிட்ட பெரியோர் பலர். அவருள் வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களின் பெயரை அறியாதார் நம் தென்பாண்டி நாட்டிற் சிலரே. இந்தியருள் முதன்முதலாக ஆங்கிலிக்கன் திருச்சபையின் அத்தியட்சர் பதவியை எய்தியவர் என்ற அளவில் அவரை நாம் போற்றி வருகிறோம். ஆயினும் அப்பதவியில் அமர்ந்து அவர் ஆற்றிய பெருந்தொண்டு யாது என்று வினவினால், நம்மவருட் பலர் விடை கூற இயலாது தயங்குவர். பட்டம் பெற்றதனால் அவர் பெரியவரானாரல்லர். பட்டம் பெறத் தகுந்தவர்களை உருவாக்கியதனாலேயே பெரியவரானார். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் சங்கத்து அங்கத்தினருள் சிவாலயம் செல்வோரும் உளர். மாதா கோவிலுக்கும் வேதக்கோவிலுக்கும் செல்வோரும் உளர். ஆகவே கிறிஸ்தவத் திருச்சபையின் வழக்கங்களை அறியாத குடும்பத்தாரும் எளிதில் உணருமாறு, வேண்டும் இடங்களில் அவ்வழக்கங்களையும் சிறிது விளக்கிச் செல்வோம்.

பிறப்பும் இளமையும்

அசரியா 1874 ஆகஸ்டு 17ஆம் நாள் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரிற் பிறந்தார். அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த அவ்வூர் இக்காலத்தில் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. பனைகளும் தேரி மணலும் சூழ்ந்த அந்நாட்டை நம்மவர்க்கு வருணித்துக் காட்டவேண்டுவதில்லை. தந்தையார் தாமஸ் வேதநாயகம், இளமையில் திருச்சபைப் பள்ளியிற் பயின்று கிறிஸ்தவராகிப் பின்னர்க் குருவானவராய் அவ்வூரில் ஊழியம் புரிந்தவர். தாயார் எல்லன் அம்மாள் ஜெபத்திலும் ஒழுக்கத்திலும் சிறந்தவர். மகனுக்குச் சாமுவேல் என்னும் பெயர் வழங்கியதிலேயே அவ்வம்மையாரின் உள்ளக்கிடக்கை விளங்கும். விவிலியத்துச் சாமுவேல், தாயினால் ஆலயத் தொண்டிற்கென்றே ஒப்புவிக்கப்பட்ட பிள்ளை.

1889இல் தந்தையார் காலஞ்சென்றார். பதினைந்து வயதினரான மைந்தர் தாயின் கண்காணிப்பிலே வளர்ந்தார். மெய்ஞ்ஞானபுரத்துப் பள்ளியிற் பயின்ற நாளிலேயே, மாணவரிடைக் காணப்பட்ட சாதி வேற்றுமையைக் களைதற்பொருட்டு ஒரு மாணவர் கழகம் அமைப்பதில் அவர் பங்கு கொண்டார். ஒரே ஆலயத்தில் ஒரே தெய்வத்தை வழிபடுவோர், வெளியே வந்தபின் ஒருவரையொருவர் விலக்கி நடப்பது அவ்விளைஞர்க்குப் பொருந்தாததாய்த் தோன்றிற்று. அச்சிறு வித்துப் பின்னாளிற் பெருமரமாய்த் தழைத்தமையை இனிக் காண்போம்.

பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் சேர்ந்தார். பி.ஏ. பரீட்சை நெருங்கிய வேளையில் நோய்வாய்ப்பட்டமையால், பட்டம் பெறாமலே கலாசாலையை விட்டு நீங்கினார். பிற்காலத்தில், 1920இல், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் நல்கிற்று. பரீட்சையில் தவறிய மகனை எதற்கும் உதவாதவன் என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனைச் சிறிது நினைவிற் கொள்வாராக.

ஊழியத்திற்கு முன் ஊழியம்

1895 முதல் 1909 வரை பதினான்கு ஆண்டுகள் அசரியா வாலிபர் கிறிஸ்தவ சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் காரியதரிசியாய்த் தென்னிந்தியா எங்கும் பிரயாணம் செய்தார். 1898இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். அவ்வம்மையார் தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கலாசாலைக் கல்வி கற்ற முதன்மையோருள் ஒருவர். கணவர் செய்த தொண்டில் அவர் கொண்ட பங்கு சிறிதன்று.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றிருந்தார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு பிற நாட்டிற்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டு வியந்தார். எண்ணிக்கையில் அவர்களினும் மிகுந்த திருநெல்வேலிச் சபையார் அயல்நாட்டார் கையையே எதிர்நோக்கி இருத்தல் முறையோ என்னும் வினா அவர் உள்ளத்தை வருத்திற்று. அதன் பயனாக 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. ஊழியர் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையதே என்பது அச்சங்கத்தின் கொள்கை. பனையேறியும் கருப்பட்டி காய்ச்சியும் பிழைத்த எளிய குடும்பத்துப் பெண்மணிகள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்துக் காணிக்கை கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் யாவரும் அறிந்ததே. இத்தகைய சிறு காணிக்கைகளே அச்சங்கத்தைத் தாங்கி நின்றன. 1905 டிசம்பர் 25ஆம் நாள் வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்ட பொழுதும் அசரியா அதன் முதல்வருள் ஒருவராய் விளங்கினார்.

திருநெல்வேலிச் சங்கம் தன் ஊழியரை அனுப்பிய இடம், நிஜாம் ராஜ்யத்துத் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் என்னும் இரயில் சந்திப்பைச் சுற்றிய பகுதியாகும். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் அமர்ந்திருக்க அசரியாவின் மனம் இசையவில்லை. 1909இல் காரியதரிசிப் பதவியைத் துறந்து, முப்பத்தைந்தாம் வயதிற் குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு தோர்ணக்கல் சென்றார். அந்த வயதில் தெலுங்கு மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கினார். புதிதாய்ப் பட்டம் பெற்ற குருவின் தடுமாற்றம் யாது என்பதை அவர் ஏட்டிற் படித்தறிந்தாரல்லர். அந்நிய மொழி நாட்டிற் சிறு பிள்ளையைப் போற் பேசப் பழகித் தாமே அனுபவித்தறிந்தார்.

மூவகைப் பட்டம்

ஆங்கிலிக்கன் திருச்சபையில் திருப்பணியாளர் மூவகையினர். முதற்படியினர் டீக்கன் எனப்படும் உதவிக்குருமார், அடுத்தவர் குருமார், அவர்களுக்கு மேற்பட்டு ஒரு திருமண்டலத்தை ஆள்பவர் அத்தியட்சர். உதவிக்குரு ஆவதற்கு இருபத்துமூன்று வயதும், குரு ஆவதற்கு இருபத்துநான்கு வயதும் நிரம்பியிருத்தல் வேண்டும். உதவிக்குருவாய்ப் பட்டம் பெற்றவர் பொதுவாக ஓராண்டேனும் அந்நிலையில் நின்று, நடையிலும் திறமையிலும் குற்றமற்றவரெனக் காணப்பட்ட பின்னரே குருவாக உயர்த்தப்படுவர்.

அவ்வோராண்டில் அவர் செய்யவேண்டுவன யாவை? திருவிருந்து ஆராதனையிற் குருவிற்குத் துணை நிற்றல், வேதபாடம் வாசித்தல், சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்தல், குரு இல்லாவிடத்துக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தல், அத்தியட்சர் அனுமதி அளித்தால் பிரசங்கம் செய்தல் ஆகியவை. இவற்றோடு, நோயாளர், ஏழைகள், மாட்டாதவர் ஆகியோரை வீடு வீடாய்த் தேடிக் கண்டு, அவர் நிலையைக் குருவிற்குத் தெரிவித்தலும் அவர் கடமையாகும். கூர்ந்து நோக்கினால், பீடத்தருகே நிற்கும் வேலையினும் தெருவிலே நடக்கும் வேலையே மிகுதி என்பது புலப்படும். ஆளப் புகுமுன் ஊழியம் செய்யக் கற்கவேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் கருத்து.

மற்றொன்றும் நாம் அறியத்தக்கது. பட்டம் அளிக்கும் ஆராதனையில், அத்தியட்சர் சபையாரை நோக்கி, இவர்பால் யாதேனும் குற்றம் அறிந்தவர் உளரேல் முன்வந்து உரைக்கலாம் என அழைப்பது முறை. கையூன்றிப் பட்டம் அளிப்பவர் அத்தியட்சரே ஆயினும், தடை சொல்லும் உரிமை எளிய குடியானவனுக்கும் உண்டு. இம்முறை ஏட்டில் மாத்திரம் நின்றுவிடாது உயிர்பெற வேண்டுமாயின், குருவானவர் அச்சனங்களின் நடுவே வாழ்ந்து அவர்களால் அறியப்பட்டவராய் இருத்தல் வேண்டும். அசரியா பிடித்த பிடி இதுவே.

எடின்பரோவும் கல்கத்தாவும்

1910ஆம் ஆண்டு நம் சமூகத்திற்கு மறக்கவொண்ணாதது. அவ்வாண்டிலே பொறையாற்றில் நாடார் மகாஜன சங்கம் தோன்றிற்று. அதே ஆண்டில் ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரிற் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டில், பல தேசத்து அறிஞர் முன்னிலையில் அசரியா எழுந்து பேசினார். ஐரோப்பிய ஊழியர் இந்தியாவிற்குப் பணத்தையும் உழைப்பையும் உயிரையும் கொடுத்துள்ளனர் என்பதை அவர் நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆயினும் இந்திய ஊழியரைச் சரிநிகரான நண்பராய் நடத்தத் தவறினர் என்பதை மறையாது எடுத்துரைத்தார். சபையிற் சிலர் மனம் புண்பட்டனர். பலர் சிந்திக்கத் தொடங்கினர். அவ்வுரை இன்றளவும் திருச்சபை வரலாற்றாசிரியராற் பேசப்பட்டு வருகின்றது.

அக்காலத்துச் சென்னை அத்தியட்சராயிருந்த ஹென்றி ஒயிட்ஹெட் அவர்கள், இந்தியர் ஒருவர் அத்தியட்சர் ஆகவேண்டும் என்பதில் உறுதி பூண்டிருந்தார். எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. இந்தியரின் ஆணைக்கீழ் ஐரோப்பியக் குருமார் எங்ஙனம் பணியாற்றுவர் என்று கேட்டோர் உளர். அத்தடைகள் யாவும் நீங்கி, 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவிலுள்ள பரிசுத்த பவுல் பேராலயத்தில் அசரியா அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

இவ்விடத்து ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. 1912 முதல் 1945இல் அவர் மறையுமளவும், முப்பத்திரண்டு ஆண்டுகள், இந்தியாவில் ஆங்கிலிக்கன் திருமண்டலம் ஒன்றை நேரே ஆண்ட இந்தியர் அவர் ஒருவரே. ஒருவர் திறமையாய் ஆண்டு காட்டிய பின்னரும் இரண்டாமவர்க்குக் கதவு திறவாதிருந்தது. தாம் ஒருவர் ஏறிய ஏணியிற் பிறரும் ஏறுதற்கு வழி செய்யாவிடின், முதல்வர் என்னும் பெயர் வெறும் அலங்காரமாய்ப் போய்விடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே தம் கையில் இருந்த அதிகாரத்தைக் கொண்டு, தம் திருமண்டலத்திற்குள் குருமாரையும் உபதேசியாரையும் பயிற்றுவதிலே முனைந்தார்.

தோர்ணக்கற் பயிற்சி

தோர்ணக்கல் திருமண்டலம் தொடக்கத்தில் மிகச் சிறியது. பின்னர்க் கிருஷ்ணா நதிக்கரையைச் சார்ந்த தெலுங்கு நாட்டுப் பகுதிகளும் அதனோடு சேர்க்கப்படவே, அது மிகப் பெரியதாய் விரிந்தது. சபையாரின் தொகை இலட்சத்திற்கு மேற்பட்டது. அவருட் பெரும்பாலார் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். ஊருக்குப் புறம்பே வாழ்ந்து, நிலமின்றி, பிறர் வயலில் உழைத்துக் கடனில் மூழ்கியிருந்தவர். எழுத்தறிந்தவர் அவருள் மிகச் சிலர். இத்தகைய மக்களுக்கு எத்தகைய குரு வேண்டும் என்பதே அசரியாவின் முன் நின்ற வினா.

பட்டணத்திலே ஆங்கிலம் கற்று, வேதசாஸ்திர நூல்களைக் கரைத்துக் குடித்து வருபவரை அனுப்பலாம். ஆனால் அவர் அக்கிராமத்தில் நெடுநாள் தங்கமாட்டார். தங்கினும் அம்மக்கள் பேசுவது அவருக்கும், அவர் பேசுவது அம்மக்களுக்கும் விளங்காது. அசரியா வேறு வழியை மேற்கொண்டார். அம்மக்களிடமிருந்தே ஆட்களைத் தெரிந்தெடுத்து, அவர் தாய்மொழியாகிய தெலுங்கிலேயே கற்பித்தார். முதலிற் கிராம உபதேசியாராய், பகலிற் பிள்ளைகளுக்குப் பள்ளியும், இரவில் வயலிலிருந்து திரும்பும் கூலியாட்களுக்கு ஜெபமும் நடத்தி நெடுநாட் பழகியவரே குருப்பட்டத்திற்குத் தெரிந்துகொள்ளப்பட்டனர். பிரசங்கத் திறமையினும் நிலைத்து நிற்கும் குணமே பெரிதாய் மதிக்கப்பட்டது.

தெரிந்துகொள்ளப்பட்டோர் தோர்ணக்கலிலிருந்த வேதசாஸ்திரப் பள்ளிக்கு மனைவி மக்களுடன் வந்து தங்கினர். இது நாம் ஊன்றி நோக்கவேண்டுவது. கிராமத்திலே குருவானவரின் வீடு யாவர் கண்ணிற்கும் முன் நிற்பது. அவ்வீடு தூய்மையாயின் ஊரும் தூய்மையாகும். அவ்வீட்டிற் சண்டையும் கடனும் மலிந்தால் பிரசங்கத்தினால் வரும் பயன் ஒன்றுமில்லை. ஆகவே கணவர் வேதமும் ஜெபப்புஸ்தகமும் கற்கும்பொழுது, மனைவியர் எழுத்தும் சுகாதாரமும் குழந்தை வளர்ப்பும் கற்றனர். இப்பெண்மணிகளைப் பயிற்றுவிப்பதில் அன்பு அம்மையார் தம் உழைப்பை ஈந்தார்.

படித்தவன் கை மண்ணைத் தொடலாகாது என்னும் எண்ணம் நம் நாட்டைப் பிடித்த பெருநோய். அந்நோய் தம் மாணவரைப் பற்றாதபடி, கைத்தொழிலையும் வயல் வேலையையும் கல்வியோடு சேர்த்துப் பயிற்றுவித்தார் அசரியா. அழுக்கு, பிணி, கடன், குடி என்னும் நான்கையும் கிராமத்தைப் பிடித்த பேய்களாக அவர் கருதினார். இவற்றை ஓட்டுதல் வேதம் கற்பித்தலினின்று வேறான வேலையன்று; குருவானவரின் வேலையே அது என்று வற்புறுத்தினார்.

மாலரும் மாதிகரும் தம்முள் உண்ணல் கலவாதவர். அவ்விரு வகுப்பாரும் ஒரே திருவிருந்துப் பாத்திரத்திலிருந்து பருகவேண்டும். ஒரு வகுப்பிற் பிறந்த குருவின் கையிலிருந்து மற்றை வகுப்பார் அப்பம் பெறவேண்டும். இது வாயாற் சொல்லுதற்கு எளிது; செய்தற்கு அரிது. பயிற்சிக் காலத்திலேயே அனைவரும் ஒருங்கு வாழ்ந்து பழகினாலன்றி, பட்டம் பெற்றபின் இது கைகூடாது. இவ்விஷயத்தில் அத்தியட்சர் எள்ளளவும் இடங்கொடுக்கவில்லை. மெய்ஞ்ஞானபுரத்து மாணவர் கண்ட கனவு தோர்ணக்கலில் உருப்பெற்றது.

பட்டம் பெற்ற பின்

புதிய குருவிற்குச் சோதனை உண்மையில் தொடங்குவது பட்டம் பெற்ற மறுநாளிலேயாம். வெள்ளை அங்கி அணிந்தவுடன் ஊரார் வணங்குவர், அவ்வணக்கம் தலைக்கேறும். பல கிராமங்கள் அடங்கிய சேகரம் ஒன்றைத் தனியே தாங்கவேண்டும். அத்தனிமை மனத்தைச் சோர்விக்கும். இவற்றிற்கு மருந்தாக அத்தியட்சர் ஆண்டிற் பல மாதங்கள் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கிராமங்கள்தோறும் சென்று, தம் குருமாரோடு தங்கினார். திடப்படுத்தலுக்கு வந்த சனங்களைத் தாமே கேள்வி கேட்டு ஆராய்ந்தார். அம்மக்களின் விடையிலிருந்தே குருவானவரின் உழைப்பும் குறையும் அவருக்கு விளங்கும். குருமார் இதனை அறிவாராதலின், பரீட்சை மாணவனுக்கு மட்டுமன்று, ஆசிரியனுக்கும் உண்டு என்னும் உணர்ச்சி அவரிடை நிலைபெற்றிருந்தது.

குருவின் ஜீவனம் பற்றியும் அவர் தெளிவான கொள்கை உடையவர். அயல்நாட்டுப் பணத்திற் சம்பளம் பெறுபவர், அறியாமலே அயல்நாட்டார் வேலைக்காரர் ஆகிவிடுவர். சபையார் தம் தானியத்திலும் கூலியிலும் ஒரு பங்கைக் கொடுத்துத் தாங்கும் குருவோ அவர்களுடைய குருவாவார். ஏழைகள் எங்ஙனம் கொடுப்பர் என்று இரங்கியோர்க்கு, கொடுத்தலும் ஏழையின் உரிமையே; அதனை மறுத்தல் அவனை இன்னும் ஏழையாக்குதல் என்பதே அவர் கருத்தாயிருந்தது. கிறிஸ்தவர் காணிக்கை பற்றி அவர் எழுதிய நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுள்ளது.

குருமார் மட்டுமே ஊழியர் என்றும் அவர் கருதினாரல்லர். ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலைமேற் கைவைத்து, நற்செய்தியை உரைத்தல் தம் கடமை என்று உறுதி கூறும்படி செய்வது அவர் வழக்கம். ஆண்டுதோறும் ஒரு காலத்தைக் குறித்து, ஆண் பெண் அனைவரும் அயலூர் சென்று சாட்சி பகரவும் ஏற்பாடு செய்தார். இம்மக்கள் குடியை விட்டுத் தூய வாழ்வு வாழ்வதைக் கண்டு, ரெட்டியார், கம்மவார் முதலிய நிலமுடைய வகுப்பாருட் சிலரும் பிற்காலத்தில் அச்சபையை நாடி வந்தனர். தம் வயலில் நேற்று வேலை செய்தவர் மகனைக் குருவென ஏற்று, அவர்முன் முழங்காற்படியிட்டனர். எந்தச் சட்டமும் சாதிக்கமாட்டாத காரியம் இது.

இறுதிக் காலம்

1919இல் தரங்கம்பாடியிற் பல சபைகளின் குருமார் கூடித் திருச்சபைகள் ஒன்றுபடவேண்டும் என்று தொடங்கிய முயற்சிக்கு அசரியா முன்னின்றார். 1733இல் ஆரோன் என்னும் தமிழர் முதன்முதலாகப் புராட்டஸ்டண்ட் குருப்பட்டம் பெற்ற ஊரும் அதுவே. 1939 ஜனவரி 6ஆம் நாள் தோர்ணக்கற் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோவில் மண்டபத்தின் தூண்களையும் மசூதியின் கும்மட்டங்களையும் நினைவூட்டும் அவ்வாலயம், இந்நாட்டுச் சபை இந்நாட்டு உருவிலேயே வளரவேண்டும் என்னும் அவர் கருத்திற்குக் கல்லாலான சாட்சியாய் இன்றும் நிற்கின்றது. அசரியா 1945 ஜனவரி 1ஆம் நாள் தோர்ணக்கலில் இறைவனடி சேர்ந்தார். அவர் விழைந்த ஐக்கியம், தென்னிந்தியத் திருச்சபை என்னும் பெயரோடு 1947 செப்டம்பர் 27ஆம் நாள் நிறைவேறிற்று. அதனைக் காண அவர் இருந்திலர்.

நாம் கொள்ளவேண்டுவது

இப்பெரியாரை நம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு உவகை உண்டு, அவ்வுவகை தகாததன்று. ஆயின் ஒன்றை நாம் நேர்மையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். சாதியின் பேரால் அமைந்த சங்கத்தின் பத்திரிகையிலே, சாதியைச் சபையினின்று களைய வாழ்நாள் முழுதும் உழைத்தவரின் வரலாற்றை எழுதுகின்றோம். அவர் தம் பதவியைத் தம் உறவினரை உயர்த்தும் ஏணியாக்கவில்லை. தம் ஊரை விட்டு, தம் மொழியை விட்டு, தம் சமூகத்தினும் மிகத் தாழ்த்தப்பட்டிருந்தவரின் பிள்ளைகளைக் குருமாராய் உயர்த்தினார். அப்பிள்ளைகளின் கையில் தம் திருமண்டலத்தை ஒப்புவித்துச் சென்றார்.

ஒரு காலத்தில் நம் முன்னோர்க்கும் கோவிற்கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. அதனை மறவாதிருத்தற்கே சங்கம் கண்டோம், பள்ளிகள் எழுப்பினோம், மகமை கொடுத்தோம். அடைபட்ட கதவை அறிந்தவன் பிறர்க்குக் கதவைத் திறப்பவனாய் இருத்தல் வேண்டும். நம் பள்ளிகளிலும் விடுதிகளிலும் நம்மினும் எளியோர் பிள்ளைகளுக்கு இடம் உண்டா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வோமாக. குருத்துவத்திற்கோ, ஆசிரியத் தொழிலுக்கோ, பொதுத் தொண்டிற்கோ மகனையோ மகளையோ அனுப்பும் குடும்பத்தார், பட்டமளிப்பு விழாவோடு கடமை தீர்ந்ததென்று இராது, அவர்கள் யாரிடையே வாழ்கின்றனர், யாருடைய துயரை அறிந்துள்ளனர் என்பதையும் உசாவி வருவாராக. அங்ஙனம் செய்வோமாயின், அசரியா நம்மவர் என்று கூறும் தகுதி நமக்கு உண்டாகும். அப்பெரியாரின் நினைவு நம் இல்லங்களில் நிலைபெறுக.